அப்பாவுக்குப் புதுக் கணினி: ஒரு விசைப்பலகை வரலாறு

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாற வேண்டும் என்றால் டி.பி.எம். 2.0 வேண்டும். இன்டெல் செயலி என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். அப்பாவின் மேஜைக் கணினி 2012-ல் வாங்கியது. இரண்டும் அதில் கிடையாது. ஆக, புதுசு வாங்கியே தீர வேண்டும்.

இருபது வருஷமாக மென்பொருள் துறையில் குப்பை கொட்டுபவன் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எவ்வளவு ரேம், எந்தச் செயலி, மடிக்கணினியா மேஜைக் கணினியா என்று நான் ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தேன். அப்பாவிடம் கேட்டால் அவர் இரண்டே வரியில் முடித்துவிட்டார்.

"எந்த மெஷினா இருந்தாலும் சரிடா. விரல் வெக்கிற எடத்துல எழுத்து இருக்கணும். பழைய ஃபைல் எல்லாம் தொறக்கணும். அவ்வளவுதான்."

கேட்க எளிமையாக இருக்கும் இந்த இரண்டு நிபந்தனைகளுக்கும் பின்னால் தமிழ்த் தட்டச்சின் ஏறக்குறைய நூறு வருட வரலாறு இருக்கிறது. கணினி தேடும் சாக்கில் அதைத் துழாவியபோது எடுத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

யார் பயன்படுத்தப் போகிறார்?

அப்பாவுக்கு வயது 74. 1970-களின் தொடக்கத்தில் தமிழ்த் தட்டச்சில் லோயர், ஹையர் இரண்டும் முடித்து அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சராகச் சேர்ந்தவர். கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பிறகு எங்கள் ஊர் ஏரி, அதன் மடைகள், வாய்க்கால் பங்கீடு, பழைய குடும்பங்கள் பற்றியெல்லாம் எழுதி வருகிறார். முந்நூற்றுச் சொச்சம் கோப்புகள் இருக்கும். எந்த மடையில் எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று அவரிடம் சொன்ன பெரியவர்கள் பலர் இன்று இல்லை. அவர்கள் சொன்னது இந்தக் கணினியில் மட்டும்தான் இருக்கிறது.

இன்னொன்று. நாலைந்து வருஷமாக அவருக்குக் கை நடுக்கம். பேனா பிடித்து எழுத முடிவதில்லை. ஆச்சரியமாக, தட்டச்சு மட்டும் வருகிறது. வேகம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே அவருக்கு விசைப்பலகை போனால் எழுத்தே போன மாதிரி.

"டேப்லெட் வாங்கிக் குடுண்ணா. வாயால சொன்னா அதுவே எழுதிக்கும்" என்றாள் தங்கை. யோசனை மோசமில்லை. குரல்வழித் தமிழ் உள்ளீடு இன்று நன்றாகவே வேலை செய்கிறது. அப்பாவுக்குத்தான் ஒப்பவில்லை. "பேசறது வேற, எழுதறது வேறம்மா. எனக்கு வாக்கியம் விரல்லதான் வரும்" என்றார்.

இதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்க முடியாது. நரம்பியலில் புகழ்பெற்ற ஒரு நோயாளி உண்டு: ஹென்றி மோலைசன். 1953-ல் நடந்த மூளை அறுவை சிகிச்சைக்குப் பிறகு புதிய நிகழ்வுகள் எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரைக் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தபடி ஒரு நட்சத்திரத்தின் மேல் கோடு போடச் சொன்னார். ஒவ்வொரு நாளும் அது அவருக்குப் புதுப் பயிற்சியாகவே தோன்றியது. ஆனால் கை நாளுக்கு நாள் தேறியது. கைப்பழக்கத்தின் நினைவு மூளையில் தனி வழியில் சேர்கிறது என்பதை உலகம் புரிந்துகொள்ள இது பெரிய சான்றாக அமைந்தது. அப்பா "விரல்ல வரும்" என்று சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

யளனகப

அந்த விரல்களில் என்ன இருக்கிறது? தமிழ்த் தட்டச்சு படித்த யாரிடமும் கேட்டுப் பாருங்கள். முதல் பாடத்தை மந்திரம் மாதிரி சொல்வார்கள்: ய, ள, ன, க, ப. இடது கைச் சுண்டு விரலில் ய. ஆள்காட்டி விரலில் க. வலது பக்கம் த, ம, ட, கடைசியில் புள்ளி.

இதன் பின்னால் இருப்பவர் ஆர். முத்தையா. யாழ்ப்பாணத்தில் 1886-ல் பிறந்து, பிழைப்புக்காக மலாயா, சிங்கப்பூர் என்று போனவர். அலுவலகத்தில் ஆங்கிலத் தட்டச்சு இயந்திரத்தைப் பார்த்துவிட்டு, தமிழுக்கு ஏன் ஒன்று இருக்கக் கூடாது என்று இறங்கினார். எழுத்துகளை விசைகளில் பொருத்தும் கணக்கை அவரே போட்டு, ஜெர்மனியில் இயந்திரத்தைச் செய்வித்தார்.

கணக்கு லேசானதல்ல. தமிழில் 247 எழுத்துகள். இயந்திரத்தில் நாற்பத்துச் சொச்சம் விசைகள், ஷிஃப்ட் போட்டால் அதன் இருமடங்கு. எனவே எழுத்துகளை உடைக்க வேண்டும். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி விசைகள் ஆயின. 'கொ' என்று அடிக்க மூன்று தட்டு: கொம்பு, க, கால். உகர வரிசைதான் பெரிய சிக்கல். கு, சு, டு, மு, ரு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். அவற்றை அந்தந்த மெய்யின் ஷிஃப்டில் வைத்தார்கள். ஷிஃப்டோடு க விசையை அழுத்தினால் 'கு', ம விசையை அழுத்தினால் 'மு'.

புள்ளி இன்னும் சுவாரசியம். சாதாரண விசையைத் தட்டினால் உருளை ஓர் எழுத்து நகரும். புள்ளி விசைக்கு நகராது. எனவே முதலில் புள்ளியை அடித்து, உருளை அதே இடத்தில் நிற்கும்போது மெய்யை அதன் கீழ் அடிக்க வேண்டும். 'க்' என்று நாம் சொல்லும்போது க முதலில் வருகிறது, தட்டச்சரின் விரலில் புள்ளி முதலில் வருகிறது. அதாவது, தட்டச்சர் எழுத்தின் ஒலியை அடிப்பதில்லை, அதன் உருவத்தை ஒவ்வொரு துண்டாகக் கோத்துக்கொண்டு போகிறார். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாத் தலைவலிக்கும் மூலம் இதுதான்.

ஆங்கிலத் தட்டச்சர் தப்பித்தார்

ஆங்கிலத்தில் என்ன நடந்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஷோல்ஸும் கூட்டாளிகளும் உருவாக்கிய இயந்திரத்தை ரெமிங்டன் நிறுவனம் 1874-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. குவெர்ட்டி என்று நாம் சொல்லும் வரிசை அதன் வழி வந்ததுதான். இதைவிட மேலானது என்று சொல்லி 1936-ல் டிவோராக் ஒரு வரிசைக்குக் காப்புரிமை வாங்கினார். அது பரவவில்லை. ஏன் என்பதற்கு 1985-ல் பொருளாதார வரலாற்றாளர் பால் டேவிட் எழுதிய கட்டுரை இன்றும் விவாதிக்கப்படுகிறது. அவர் வாதம் சுருக்கமாக: பழகிய தட்டச்சர்கள் ஏற்கெனவே ஏராளம், அவர்களுக்கு ஏற்ற இயந்திரத்தையே அலுவலகங்கள் வாங்கின, அந்த இயந்திரம் நிறைய இருப்பதால் புதிதாகப் படிப்பவரும் அதையே படித்தார். இந்த வாதத்தை மறுத்தவர்களும் உண்டு.

வாதம் எப்படியோ போகட்டும், விளைவைப் பாருங்கள். 1890-ல் ரெமிங்டனில் பழகிய ஒருவர் இன்று உயிரோடு வந்து என் மடிக்கணினி முன் உட்கார்ந்தால், ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அடித்துவிடுவார். 1990-ல் தமிழ் ஹையர் தேறிய ஒருவர் அதே மடிக்கணினியில் தமிழில் ஒரு வரி அடிக்க முடியாது. யாராவது தனியாக ஒரு மென்பொருளை நிறுவித் தர வேண்டும்.

ஆங்கிலம் கணினிக்குப் போனபோது தன் தட்டச்சர்களையும் கூட்டிக்கொண்டு போனது. தமிழ் போனபோது அவர்களில் பெரும்பாலோர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

ஆளுக்கொரு குறியேற்றம்

நியாயமாகச் சொன்னால், முதல் கட்டத்தில் அப்படி ஆகவில்லை. 1980, 90-களில் தமிழ் கணினிக்குள் வந்ததே எழுத்துரு வழியாகத்தான். ஆங்கில எழுத்துகளுக்கான இடத்தில் தமிழ்த் துண்டுகளின் படத்தை வைத்துவிடுவார்கள். கணினிக்குத் தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அது ஆங்கில எழுத்தைச் சேமிக்கும், திரையில் மட்டும் தமிழ் தெரியும்.

இலங்கைத் தமிழர்களிடையே வெகுவாகப் புழங்கிய பாமினி எழுத்துரு நல்ல உதாரணம். அதில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்பில் இருப்பது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இருக்கும்வரை தமிழ். இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஐந்து ஆங்கிலக் குறிகள் பல்லிளிக்கும்.

இந்த முறையில் தட்டச்சருக்கு ஒரு வசதி இருந்தது. பல எழுத்துருக்கள் பழைய இயந்திர வரிசையை ஒட்டியே விசைகளை வைத்தன. அப்பாவின் அலுவலகத்துக்கு 2000 வாக்கில் கணினி வந்தபோது, கூட வந்த எழுத்துருவும் அப்படித்தான். ஒரே நாளில் பழகிவிட்டதாகச் சொல்வார்.

ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் துண்டுகளைத் தனக்குத் தோன்றிய இடத்தில் வைத்தது. ஒருவர் எழுத்துருவில் அடித்ததை இன்னொருவர் எழுத்துருவில் திறந்தால் குப்பை. இதைச் சரிசெய்ய உலகெங்கும் இருந்த தமிழ் ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து டிஸ்கி என்ற குறியேற்றத்தை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியேற்றங்களைக் கொண்டுவந்தது. தரம் வேண்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். எந்தத் தரம் என்பதில்தான் தகராறு.

தமிழ்99: புதியவர்களுக்கான தீர்வு

அதே மாநாட்டின் இன்னொரு விளைவு தமிழ்99 விசைப்பலகை. ரொம்ப அழகான வடிவமைப்பு. 12 உயிர், 18 மெய், ஆய்தம் எல்லாம் சேர்த்து 31. உயிரெழுத்துகள் இடது கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது கைப் பக்கம். க அடித்து ஓ அடித்தால் 'கோ'. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். கொம்பு, கால் என்ற பேச்சே இல்லை. புதிதாகப் படிக்கும் குழந்தைக்கு இதைவிட எளிய முறையை நான் பார்த்ததில்லை.

பழைய தட்டச்சருக்கோ தலைகீழ். அவர் விரல் உருவத்தைக் கோக்கப் பழகியது. இது ஒலியைக் கேட்கிறது. அவர் இடது ஆள்காட்டி விரலின் கீழ் ஐம்பது வருஷமாக க இருந்தது, இங்கே அதே இடத்தில் புள்ளி. இரண்டு அமைப்புகளின் நடுவரிசையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடம் மாறாமல் இருப்பது ம மட்டும்தான்.

தமிழ்99-ஐக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு தரம் உருவாகும்போது அது யாருக்காக என்ற கேள்விக்கு ஒரு விடை தேவை. 1999-ல் இருந்தவர்கள் இனி வரப்போகிறவர்களுக்காக என்று முடிவெடுத்தார்கள். அது நியாயமான முடிவுதான். அந்த முடிவின் செலவு மட்டும், ஏற்கெனவே பழகியவர்கள் கணக்கில் எழுதப்பட்டது.

யூனிகோடு வந்தது

1991-ல் வெளிவந்த யூனிகோடு முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. தமிழுக்கு 128 இடங்கள். இந்திய அரசின் இஸ்கி தரத்தை ஒட்டிய அமைப்பு அது. விண்டோஸ் 2000-ல் லதா எழுத்துருவோடு இதற்கு ஆதரவு வந்தது. எக்ஸ்பி காலத்தில் கன்ட்ரோல் பேனலுக்குப் போய், சிக்கலான எழுத்துகளுக்கான கோப்புகளை நிறுவு என்று ஒரு கட்டத்தில் டிக் போட்டு, விண்டோஸ் குறுந்தகட்டைத் தேடிக்கொண்டு ஓடியவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டையொட்டி யூனிகோடும் டேஸ்16 என்ற குறியேற்றமும் தமிழக அரசின் தரங்கள் ஆயின.

யூனிகோடில் தமிழ் எழுத்து ஒலி வரிசையில் சேமிக்கப்படுகிறது. 'கொ' என்றால் முதலில் க, பிறகு ஒகரக் குறி. தட்டச்சரின் கொம்பு-க-கால் வரிசைக்கு இது நேர் எதிர். எனவே பழைய முறையில் அடிப்பவருக்கு நடுவில் ஒரு மென்பொருள் நின்று வரிசையை மாற்றித் தர வேண்டும். அந்த நடுவர் கிடைத்தால் அப்பாவின் முதல் நிபந்தனை நிறைவேறும்.

கிடைக்கிறது. இன்றைய விண்டோஸில் தமிழ்99, அஞ்சல் ஆகிய விசைப்பலகைகள் கூடவே வருகின்றன, பழைய தட்டச்சு அமைப்பு வருவதில்லை. என்.எச்.எம். ரைட்டர் என்ற இலவச மென்பொருளில் பழைய தட்டச்சும் உண்டு, பாமினியும் உண்டு. லினக்ஸில் எம்17என் தொகுப்பை நிறுவினால் தமிழ்த் தட்டச்சு அமைப்பு அதிலேயே இருக்கிறது.

முந்நூறு கோப்புகள்

இரண்டாவது நிபந்தனைதான் நேரம் தின்றது. பழைய கோப்புகளை அப்படியே நகலெடுத்துப் புதுக் கணினியில் போட்டால் திறக்கும், ஆங்கிலக் குப்பையாகத் திறக்கும். முதலில் செய்ய வேண்டியது, பழைய கணினியின் எழுத்துருக் கோப்புறையை முழுதாக நகலெடுப்பது. ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு பழைய கணினியைக் கழித்துவிட்டால், எந்தக் குறியேற்றம் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிடும். எழுத்துருதான் அந்தப் பெட்டிக்குச் சாவி.

பிறகு குறியேற்ற மாற்றி. மாற்றிய பின் அப்பாவையே படித்துப் பார்க்கச் சொன்னேன். மூன்று வகைப் பிழைகள் மறுபடி மறுபடி வந்தன. ஒன்று, ரகரமும் காலும். திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால் சில இடங்களில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று விழுந்திருந்தது. காகிதத்தில் யாருக்கும் தெரியாது. யூனிகோடுக்கு மாற்றியதும் 'கால்வாய்' சில இடங்களில் 'கரல்வாய்' ஆனது. இரண்டு, ஒளகாரம். கொம்பு, க, ள என்று அடித்தது 'கௌ'வா, 'கெள'வா என்று மாற்றிக்குத் தெரியாது. மூன்று, நடுவில் வரும் ஆங்கிலச் சொற்கள். கோப்பில் அதுவும் ஆங்கில எழுத்து, தமிழும் ஆங்கில எழுத்து. மாற்றி எல்லாவற்றையும் தமிழாக்கிவிடும். நில அளவைக் குறிப்புகளில் இருந்த ஆங்கிலச் சுருக்கங்கள் இப்படித்தான் புரியாத தமிழாயின.

ஆகவே மூலக் கோப்புகளையும் எழுத்துருவையும் அழிக்காமல் இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன். மாற்றியது படிக்க, மூலம் சரிபார்க்க.

கடைசியில் வாங்கியது

இவ்வளவுக்கும் பிறகு வன்பொருள் முடிவு சுலபமாக இருந்தது. ஒரு சிறிய மேஜைக் கணினி, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்.எஸ்.டி. எழுதுவதற்கு இது தாராளம். மடிக்கணினி வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணம் அதன் விசைகள். இரும்பு இயந்திரத்தில் பழகியவர்கள் விசையை அழுத்துவதில்லை, அடிப்பார்கள். மெல்லிய விசைகளில் விரல் எங்கே முடிகிறது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. எனவே பணத்தை மிச்சம் பிடித்து, ஆழமாக இறங்கும் விசைகள் கொண்ட ஒரு மெக்கானிக்கல் விசைப்பலகைக்குச் செலவழித்தேன். 24 அங்குலத் திரை. தமிழ் எழுத்து ஒட்டும் ஸ்டிக்கர் வாங்கட்டுமா என்று கேட்டதற்கு, "விசையைப் பார்த்தா எங்க மாஸ்டர் ஸ்கேலால அடிப்பாருடா" என்று சிரித்தார். ஸ்டிக்கர் வாங்கவில்லை.

வயதானவர்களுக்குக் கணினி வாங்கும்போது நாம் வழக்கமாகக் கடையில் கேட்கும் கேள்விகள் எல்லாம் இயந்திரத்தைப் பற்றியவை. அவர்கள் இதுவரை எதில் எழுதினார்கள், எந்த வரிசையில் விரல் போகிறது, எழுதியது எந்த வடிவில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. விடை கிடைத்துவிட்டால் செயலியும் ரேமும் பத்து நிமிட விஷயம்.

தட்டச்சு நிலையங்களில் யளனகப என்று தொடங்கிய தலைமுறையில் பலர் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். கோயில் வரலாறு, குடும்ப வம்சாவளி, சங்கத் தீர்மானங்கள், வாசகர் கடிதங்கள் என்று அவர்கள் அடித்து வைத்தது எத்தனை வீட்டுக் கணினிகளில் பழைய எழுத்துருக்களில் கிடக்கிறதோ. விண்டோஸ் 10 காலாவதியான இந்தச் சமயத்தில் அந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பழைய சாமான் கடைக்குப் போய்க்கொண்டிருக்கும். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், எடைக்குப் போடும் முன் ஆவணங்களோடு எழுத்துருக் கோப்புறையையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். மாற்றுவதை அடுத்த மாதம்கூடச் செய்துகொள்ளலாம்.